கால் அடி

அந்த வீட்டில் எல்லோரும் ஒருக்களித்து உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள்.

சமையலறைக்கு நடுவே பளபளவென்று ஒரு மேடை. நாலு பக்கமும் சுற்றி வரலாம் என்பதால் அதற்கு ஐலண்ட் என்று பெயர். ஒரு பக்கம் நின்று சமைக்கலாம், மறுபக்கம் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று சொல்லித்தான் விற்றிருந்தார்கள். வீட்டுக்காரர் இடப்பக்கம் திரும்பி, தட்டை மடியில் வைத்திருந்தார். மகள் வலப்பக்கம் திரும்பியிருந்தாள். மகன் தவளை மாதிரி இரண்டு காலையும் அகட்டி வைத்து, ரொட்டித் துண்டை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். வீட்டம்மா உட்காரும் முயற்சியையே கைவிட்டு, நின்றபடி காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் நின்ற டேப் அக்காவைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

"வாங்க, வாங்க. தீவுக்கு வந்துட்டீங்க. எங்க நாலு பேரையும் இறக்கி விட்டுட்டு கப்பல் போயே போச்சு. இப்பத்தான் ஆள் வர்றீங்க."

டேப் அக்காவுக்கு வயது நாற்பத்திரண்டு. அந்த மாடுலர் கிச்சன் கம்பெனியில் அளவெடுப்பவள் அவள்தான். அளவு டேப் இடுப்பை விட்டு இறங்காது. மற்றவர்கள் சுவரை அளப்பார்கள். அவள் மனிதர்களை அளப்பாள். நாலு மாதம் முன்பு இதே வீட்டில் ஒவ்வொருவரையும் நாற்காலியில் உட்கார வைத்து, அடியில் புத்தகங்களை அடுக்கி உயர்த்தி, தரையிலிருந்து முட்டி மடிப்பு வரை, முதுகிலிருந்து முட்டி வரை, தொடையின் கனம் என்று குறித்துக்கொண்டு போனாள். "நீங்க மேடை செய்யப் போறீங்களா, கால்சட்டை தைக்கப் போறீங்களா?" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தது அவளுக்கு நினைவிருந்தது.

"எங்கம்மா இடிக்குது?" என்று கேட்டாள்.

"எங்க இடிக்கலைன்னு கேளுங்க." வீட்டம்மா காலை ஸ்டூல் கம்பியில் தூக்கி வைத்து முட்டியைக் காட்டினாள். நீலமாக ஒன்று, மஞ்சளாக ஒன்று. "மஞ்சள் போன வாரத்துது. நீலம் நேத்து. முட்டியை உள்ள விட்டா அலமாரி இடிக்குது. தொடையை உள்ள விட்டா கல்லு இடிக்குது. ரெண்டையும் கழட்டி வச்சுட்டுத்தான் சாப்பிடணும்."

டேப் அக்கா குனிந்து அளந்தாள்.

மேடை உயரம் முப்பத்தாறு இன்ச். சரி. கல்லின் விளிம்பு, அலமாரியைத் தாண்டி முட்டிக்கு இடம் விட்டு வெளியே நீட்டியிருக்க வேண்டியது பதிமூன்று இன்ச். நீட்டியிருந்தது மூன்று. ஸ்டூலில் உட்காரும் உயரம் இருபத்தைந்து இருக்க வேண்டும். இருந்தது முப்பது. கல்லின் அடிப்பக்கத்துக்கும் ஸ்டூலுக்கும் நடுவே நாலரை இன்ச் சந்து. அதில் பூனை வேண்டுமானால் உட்காரலாம்.

மறுபடி அளந்தாள். டேப் பொய் சொல்லவில்லை.

"ரெண்டு நாள்ல பதில் சொல்றேம்மா" என்றாள். குரல் அவளுக்கே கேவலமாக இருந்தது.

"பதில் வேண்டாம். முட்டிக்கு இடம் கொடுங்க, போதும்."

*

மேனேஜர் தன் அறையில் கார் சாவியால் காது குடைந்துகொண்டிருந்தார். கண் பாதி மூடியிருந்தது. குடைந்த சாவியை எடுத்துப் பார்த்தார், மேஜை விளிம்பில் துடைத்தார், மறுபடி விட்டார். டேப் அக்கா மேஜையிலிருந்து ஓரடி தள்ளியே நின்றாள்.

"பார்த்தியா? மூணு இன்ச்தானே இருக்கு?" அவள் சொல்வதற்கு முன்பே அவர் சிரித்தார். "எல்லாம் நம்ம ஒத்தக்காது பண்ணுன வேலை. போன்ல தெளிவாச் சொன்னேன், 'காலடி இடம் விடு'ன்னு. அவன் காதுல எப்படி விழுந்துது தெரியுமா? 'கால் அடி' இடம் விடு! கால் அடின்னா மூணு இன்ச். கரெக்டா மூணு இன்ச் விட்டிருக்கான் பாரு, அதுல மட்டும் தப்பே இல்ல!"

வயிறு குலுங்கச் சிரித்தார். இந்தச் சிரிப்பு இதற்கு முன்பே நாலைந்து பேரிடம் ஒத்திகை பார்க்கப்பட்டது என்று அவளுக்குத் தோன்றியது.

ஒத்தக்காது என்று பட்டறையில் எல்லோரும் கூப்பிடுவது கார்பென்டரை. இருபத்தாறு வருடம் அறுப்பு மெஷினுக்குப் பக்கத்தில் நின்றதில் இடது காது அடைத்துப்போன மனுஷன். பேசுகிறவருக்கு வலது பக்கத்தைக் காட்டித் தலையைச் சாய்த்து நிற்பார்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடு." மேனேஜர் ஒரு தாளை நகர்த்தினார். சாவி பிடித்த அதே விரல்களால்.

டேப் அக்கா தொடாமலே படித்தாள். 'எனக்குக் காது சரியாகக் கேட்காத காரணத்தால், மேலாளர் கூறியதைத் தவறாகப் புரிந்துகொண்டு அளவை மாற்றிவிட்டேன். மெஷின்களில் வேலை செய்ய நான் தகுதியற்றவன் என்பதை ஒப்புக்கொண்டு, வரும் சனிக்கிழமையுடன் விலகிக்கொள்கிறேன்.' கீழே கார்பென்டரின் கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தும் உளியால் செதுக்கியது போல இருந்தது.

"அவரே போட்டாரா?"

"அவனேதான். நான் என்ன கையைப் பிடிச்சா போட வச்சேன்? படம் வரைஞ்சது நீ. 'படத்துல சரியாத்தான் இருந்துது'ன்னு நீ சாட்சி போட்டா உனக்கும் பாதுகாப்பு. முதலாளியம்மா நாலு மணிக்கு வர்றாங்க. அதுக்குள்ள முடிச்சிடு."

"இந்தத் தாளைப் பார்த்தா வேற எந்தப் பட்டறையிலயும் அவரைச் சேர்க்க மாட்டாங்களே சார்."

"அதுக்கு நான் என்ன பண்ண? நான் நல்லதுதான் பண்றேன். நாளைக்கே கையைக் கிய்யை அறுத்துக்கிட்டான்னா? பாவம், குடும்பஸ்தன்."

'பாவம்' என்று சொன்னபோது அவர் முகம் உண்மையாகவே இளகியது. பொய் சொல்பவன் கொஞ்சமாவது முழிக்க வேண்டாமா?

*

பட்டறையில் கார்பென்டர் ஒரு கதவுக்கு விளிம்பு ஒட்டிக்கொண்டிருந்தார். அவள் சுற்றிப் போய் வலப்பக்கம் நின்றாள்.

"அண்ணே, அந்தத் தாள்ல ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

"தப்பு நம்மளுதும்மா. போடாம?"

"போன்ல என்ன நடந்துது? ஒண்ணு விடாம சொல்லுங்க."

அவர் பசைப் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "கல் அறுக்கறதுக்கு முன்னாடி, ஒரு புதன்கிழமை போன் பண்ணாரு. 'படம் மாறிடுச்சு, வெளிய கால் அடி விட்டாப் போதும், கல் அறுக்கச் சீட்டு எழுதிக் கொடுத்துடு'ன்னாரு. நான் 'மூணு இன்ச்சா சார்?'னு கேட்டேன். 'ஆமா'ன்னாரு. எழுதிக் கொடுத்தேன். இப்ப கேட்டா, நீ எங்க திருப்பிக் கேட்டேங்கறாரு. நான் 'காலடி'ன்னேன், நீ 'சரி'ன்னு வச்சுட்டேங்கறாரு."

"நீங்க கேட்டீங்களா, கேக்கலையா?"

அவர் வலது காதை உள்ளங்கையால் ஒரு முறை தேய்த்துக்கொண்டார்.

"கேட்டேன்னுதான் ஞாபகம். ஆனா அவரு அவ்வளவு அடிச்சுச் சொல்றாரே. ஒருவேளை மனசுக்குள்ள கேட்டுக்கிட்டேனோ என்னமோ. வீட்டுலயும் இப்படித்தாம்மா, 'அப்பா, நான் அப்படிச் சொல்லவே இல்ல'ங்கறா பொண்ணு. இந்தக் காதை வச்சுக்கிட்டு எதைன்னு சாதிக்கிறது?"

வேலையைப் பிடுங்குவது ஒரு ரகம். ஒரு மனுஷன் தன் காதையே சந்தேகப்படும்படி செய்துவிட்டுப் பிறகு பாவம் என்பது வேறு ரகம்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். மேடைக்கு வெளிய விடுற இடத்தை நம்ம பட்டறையில என்னன்னு சொல்லுவோம்?"

"முட்டி இடம்."

"காலடி இடம்னு என்னைக்காவது யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?"

"இல்ல."

"அடிக்கணக்குல யாராவது பேசுவோமா?"

"இன்ச்தான் பேசுவோம். அடின்னா..." அவர் புருவம் சுருங்கியது. "அடின்னு அவரு சொன்னதாலதாம்மா நான் மூணு இன்ச்சான்னு திருப்பிக் கேட்டேன். அதுக்காகத்தான் கேட்டேன்!"

"அப்ப கேட்டிருக்கீங்க."

அவர் அவளைப் பார்த்தார். பாதி நம்பிக்கை, பாதி பயம். இதை வைத்துக்கொண்டு மேனேஜர் முன்னால் நின்றால் ஊதித் தள்ளிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். வார்த்தைக்கு வார்த்தை. அதுவும் ஒத்தக்காதின் வார்த்தை.

அப்போதுதான் ஸ்டூல் அவள் நினைவுக்கு வந்தது.

கல் மூன்று இன்ச் ஆனது காதுக் கோளாறு என்றே வைத்துக்கொள்வோம். ஸ்டூல் எப்படி முப்பது இன்ச் ஆனது? ஸ்டூலுக்கும் கார்பென்டருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது கோடவுனிலிருந்து நேராக வீட்டுக்குப் போகிற சாமான்.

*

கோடவுன்காரர் வாயில் எதையோ மென்றபடி சீட்டுக் கட்டைப் புரட்டினார். "நாலு ஸ்டூல். இந்தா. இருபத்தஞ்சுன்னு இருந்துது. அடிச்சுட்டு முப்பதுன்னு மாத்தியிருக்கு. மேனேஜர் கையெழுத்து."

டேப் அக்கா தேதியைப் பார்த்தாள். அந்த போன் வந்த அதே வாரம், திங்கள்கிழமை.

போன் வந்தது புதன்கிழமை. கார்பென்டர் தப்பாகக் கேட்டதாகச் சொல்லப்படுவதும் புதன்கிழமை. அப்படியானால் திங்கள்கிழமையே ஸ்டூலை ஏன் உயர்த்த வேண்டும்? முட்டி உள்ளே போகாது என்று தெரிந்தவன்தான் ஆளை மேடை உயரத்துக்குத் தூக்கி உட்கார வைப்பான். பாரில் உட்காருவது போல, திரும்பி உட்கார்ந்து சமாளித்துக்கொள்ளட்டும் என்று. கார்பென்டரின் காது கெட்டுப்போகப் போவது மேனேஜருக்கு இரண்டு நாள் முன்பே தெரிந்திருக்கிறது!

"திங்கக்கிழமை இங்க என்ன நடந்துது?"

கோடவுன்காரர் மெல்லுவதை நிறுத்தினார். "ஒண்ணும் நடக்கலையே."

"அண்ணே, அந்த வீட்டுக்கு வந்த கல்லு எங்க?"

"நான் எதையும் காட்டலை" என்றார் அவர். சொல்லிக்கொண்டே பின்பக்கத் தார்ப்பாயின் ஓரத்தைக் காலால் தூக்கிவிட்டார். "நீயாப் பார்த்துக்கிட்டே. என்னை வம்புல மாட்டி விடாதே, தாயே."

தார்ப்பாய்க்குள் அந்த வெள்ளைக் கல், சாம்பல் நிறக் கோடுகளோடு, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஒரு பாதியில் பெரும்பகுதி அறுத்து எடுக்கப்பட்டிருந்தது. அறுத்தெடுத்த அகலத்தை அளந்தாள். இருபத்தேழு இன்ச். உடைந்த பாதியில் அதற்கு மேல் அகலம் கிடைக்காது. அலமாரி இருபத்திநாலு, மிச்சம் மூன்று. அந்த மூன்றுதான் கால் அடி.

"கல்லை எப்பவும் நிக்க வச்சுத்தான் தூக்கணும்" என்றார் கோடவுன்காரர், வேறெங்கோ பார்த்தபடி. "படுக்க வச்சுத் தூக்குனா நடுவுல முறியும். வண்டிக்காரன் கிளம்பறான்னு அவசரப்படுத்துனாரு. 'அப்படியே படுக்கப் போட்டுத் தூக்குங்கடா'ன்னாரு. நான் வேணாம்னேன். என் பேச்சை யாரு கேக்கறா."

ஆக, முறிந்தது கல். கெட்டுப்போனதாக எழுதப்பட்டது ஒரு மனுஷனின் காது.

டேப் அக்கா போனை எடுத்துச் சீட்டைப் படம் பிடித்தாள். கல்லைப் படம் பிடித்தாள். மணி மூன்றரை. படங்களை அந்த வீட்டம்மாவுக்கு அனுப்பி, கீழே ஒரே வரி எழுதினாள்: 'உங்க முட்டி இடம் இங்கதான் உடைஞ்சு கிடக்குது.'

*

முதலாளியம்மா அதிர்ந்து பேச மாட்டாள். எல்லோரையும் 'கண்ணு' என்பாள். டேப் அக்கா போனில் சீட்டின் படத்தை எடுத்து மேஜையில் வைத்து, தேதியைக் காட்டி, கல்லைப் பற்றிச் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் மேனேஜர் கூரையில் சுற்றும் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல் உடைஞ்சது எனக்குத் தெரியும் கண்ணு" என்றாள் முதலாளியம்மா.

டேப் அக்காவுக்குக் காது அடைத்தது.

"இவரு அன்னைக்கே சொல்லிட்டாரு. அந்தக் கல் திரும்ப வர மூணு மாசம் ஆகும். அவங்க வீட்டுக்குக் குடிபோற அவசரம். இருக்கிறதை வச்சு முடிச்சோம். என்ன, கஸ்டமர்கிட்ட ஒரு காரணம் சொல்லணும்ல? நாம உடைச்சோம்னா கோபப்படுவாங்க. காது கேக்காத ஆள் தப்பாக் கேட்டுட்டாருன்னா யாரு கோபப்படுவா? ஐயோ பாவம்னு விட்டுடுவாங்க. யாருக்கும் மனசு நோகாது."

"கார்பென்டர் அண்ணனுக்கு?"

"அவருக்கும் வயசாகுதுல்ல கண்ணு. சும்மாவா அனுப்புவோம்? ஒரு நல்ல சால்வை போட்டு மரியாதையா..."

"சீ" என்றாள் டேப் அக்கா.

சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து அதுவாக விழுந்துவிட்டது. விழுந்தபின் எடுத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

"ஏய், யார்கிட்ட என்ன பேசறே?" மேனேஜர் எழுந்தார்.

"உங்க ரெண்டு பேர்கிட்டயும்தான். கெட்ட பாலைக் குடிச்ச மாதிரி இருக்கு எனக்கு. நான் கையெழுத்துப் போட மாட்டேன். படம் எல்லாம் அந்த வீட்டம்மாவுக்குப் போயாச்சு. நீங்க காது கதையைத் தூக்கிக்கிட்டு அங்க போனீங்கன்னா, அவங்க முட்டியைக் காட்ட மாட்டாங்க, வாசலைக் காட்டுவாங்க."

முதலாளியம்மாவின் போன் மேஜையில் அதிர்ந்தது. அவள் திரையைப் பார்த்தாள். யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அதிர்ந்தது.

"என்ன கண்ணு இப்படிப் பண்ணிட்டே" என்றாள், உண்மையாகவே புண்பட்டவள் போல.

டேப் அக்கா வெளியே போய்ப் பட்டறைப் படியில் நின்றாள். கார்பென்டர் மெஷினை அணைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இறங்கிப் போய் வலப்பக்கம் நின்றாள்.

"அண்ணே, நீங்க சரியாத்தான் கேட்டீங்க. கால் அடின்னுதான் அவரு சொன்னாரு. மூணு இன்ச்சான்னு நீங்க திருப்பிக் கேட்டீங்க. ஆமான்னாரு. ஒரு எழுத்துகூடத் தப்பாக் கேக்கலை. கல்லு உடைஞ்சு போச்சு, அதை மறைக்க உங்களை வச்சு விளையாடியிருக்காங்க."

அவர் கையிலிருந்த மரத்தூளைத் தட்டினார். சட்டையில் துடைத்தார். மறுபடி தட்டினார்.

"அந்தத் தாளு எங்க இருக்கு?" என்றார்.

*

கார்பென்டர் அந்த அறைக்குள் வருவது அபூர்வம். வந்தாலும் வாசலில் நின்று பேசிவிட்டுப் போவார். இன்று நேராக மேஜைக்கு முன்னால் வந்து கையை நீட்டினார். முதலாளியம்மா தாளை எடுத்துக் கொடுத்தாள். போனில் ஏழாவது அழைப்பு அதிர்ந்துகொண்டிருந்தது.

அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"புதுக் கல்லு வரவழைச்சிடறோம்" என்றாள் முதலாளியம்மா. "நீங்களே போய் மாட்டிக் கொடுங்க. ஸ்டூலையும் மாத்திடுவோம். இதை வளர்க்க வேண்டாம். மேனேஜர், ஒரு மன்னிப்புக் கேட்டு முடிச்சுக்கங்க."

மேனேஜர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் வெட்கத்தின் சாயல்கூட இல்லை. ரோட்டில் தெரியாமல் யார் மேலோ இடித்துவிட்டவன் சிரிப்பது போல இருந்தது. அவர் கார்பென்டரின் தோளில் கை வைத்தார்.

"தப்பா எடுத்துக்காதண்ணே. மன்னிச்சிடு" என்றார், முனகலாக.

கார்பென்டர் தலையைத் திருப்பினார். இடது காதை அவர் பக்கமாக.

"கேக்கல சார்."

"மன்னிச்சிடுங்கறேன்."

"கேக்கல."

மேனேஜர் முதலாளியம்மாவைப் பார்த்தார். அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டேப் அக்காவைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்திலிருந்து காது வரை அவர் சிவந்தார்.

"மன்னிச்சிடுங்கண்ணே!"

கத்தலாக வந்தது. கீழே பட்டறையில் ஒரு மெஷின் நின்றது. பிறகு இன்னொன்று. யாரோ "என்னவாம்?" என்று கேட்டார்கள். "மேனேஜர் மன்னிப்புக் கேக்கறாராம், ஒத்தக்காதுகிட்ட" என்று யாரோ பதில் சொன்னார்கள்.

"இப்ப கேக்குது சார்" என்றார் கார்பென்டர். தோளிலிருந்த கையை, மரத்தில் ஒட்டிய காய்ந்த பசையை உரிப்பது போல இரண்டு விரலால் எடுத்துவிட்டார். "ஏத்துக்கத்தான் முடியல."

அவர் படியிறங்கினார். டேப் அக்கா பின்னாலேயே இறங்கினாள்.